பயிற்சி நாளுக்கு 40 பேர், அடுத்த வாரம் 3 பேர்: டிஸ்க் கோல்ஃப் லீக்கை எப்படி வளர்ப்பது?

செவ்வாய்லீக்:
வணக்கம். தட்டை (டிஸ்க்) எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃபுக்கு, ஒஹாயோவில் நகராட்சிப் பூங்கா ஒன்றில் 18 ஹோல் மைதானம், ஒரு ஹோலின் சராசரி நீளம் 320 அடி. செவ்வாய் மாலை லீக்குக்கு எப்போதும் அதே 14 பேர், அதில் ஒருவர் மட்டும் பெண். ஏப்ரலில் இலவசப் பயிற்சி நாள் வைத்ததில் 40 பேர் வந்தார்கள், ஆளுக்கொரு டிரைவர் டிஸ்க் (நெடுந்தூரம் எறிவதற்கானது) பரிசாகக் கொடுத்தோம். அடுத்த செவ்வாய் திரும்பி வந்தவர்கள் 3 பேர். கிளப் கையிருப்பு 1,500 டாலர். இதை வைத்து பிடிஜிஏ (தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்) அங்கீகாரத்தோடு ஒரு டூர்னமென்ட் நடத்தலாமா, விளம்பரத்தில் போடலாமா?

சங்கிலிக்கூடை:
இரண்டும் இப்போது வேண்டாம். 40 பேர் வந்தார்கள் என்றால் ஆள் சேர்ப்பதில் உங்களுக்குக் குறை இல்லை. இரண்டாவது தடவை வர வைப்பதில்தான் ஓட்டை இருக்கிறது.

320 அடியைப் புதியவர் கண்ணால் பாருங்கள். முதல் நாள் அவர் எறிவது 120, மிஞ்சினால் 150 அடி. கூடைப் பக்கம் போகவே மூன்று எறிதல், பிறகு கூடைக்குள் போட இரண்டு மூன்று புட். 18 ஹோல் முடிவதற்குள் 100 எறிதல் ஆகிவிடும். பின்னால் ஒரு குழு காத்துக்கொண்டு நிற்கும்போது, "நமக்கு இது சரிப்படாது" என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

அதனால் முதல் செலவு குட்டை டீ, அதாவது கூடைக்குக் கிட்டத்தில் எறியத் தொடங்கும் இடம். கார் நிறுத்துமிடத்துக்கு அருகில் உள்ள 9 ஹோல்களுக்கு மட்டும் போதும், கூடையிலிருந்து 150 முதல் 200 அடியில். கான்கிரீட் தேவையில்லை. ஓடி வந்து எறியாதவர்களுக்குச் சமதரையே போதும். ஒரு அடிச் சதுரச் சிமென்ட் கல் ஒன்றைச் சிவப்படித்துத் தரைமட்டத்துக்குப் பதித்துவிடுங்கள். மேலே துருத்திக்கொண்டிருந்தால் புல்வெட்டி பிளேடு போகும், பூங்காத்துறை அதை மறக்காது.

ஒன்றில் கவனம். குட்டை டீயை ஃபேர்வேயின் (டீயிலிருந்து கூடைக்குப் போகும் பாதை) நடுவில் வைக்காதீர்கள். நீள டீயிலிருந்து வரும் டிஸ்க் நேராக அங்கேதான் வந்து விழும். பக்கவாட்டில் 30, 40 அடி தள்ளி, பக்கத்து ஹோலின் பாதையும் குறுக்கிடாத இடமாகப் பாருங்கள்.

காற்றெதிர்:
பரிசாகக் கொடுத்த டிரைவர்தான் பெரிய தவறு என்பேன். வேக எண் 11, 12 உள்ள டிஸ்க் அதற்கேற்ற வேகத்தில் கையை விட்டுப் போனால்தான் எண்ணில் சொன்னபடி பறக்கும். புதியவர் கையில் அந்த வேகம் வராது. வலக்கை பேக்ஹேண்டில் எறிந்தால் கிளம்பியதுமே இடது பக்கம் திரும்பித் தரையில் குத்தும். மூக்கு (முன்விளிம்பு) தூக்கினபடி போனால் மேலே ஏறி நின்றுவிட்டு விழும். எறிபவர் தன் கையைக் குறை சொல்லிக்கொள்வார். குறை டிஸ்க்கில்.

இரவல் பெட்டி ஒன்று வையுங்கள்: 12 புட்டர் (கூடைக்கு அருகிலிருந்து போட), 12 மிட்ரேஞ்ச் (நடுத்தூரத்துக்கு), எடை 150–165 கிராம். புட்டருக்கு ஏவியார் மாதிரி (2/3/0/1, வரிசையாக வேகம், மிதப்பு, திருப்பம், இறுதிச் சாய்வு), மிட்ரேஞ்சுக்கு வேகம் 4, 5க்குள் நேராகப் போகும் எதுவும். அடிப்படை பிளாஸ்டிக் போதும். விலையும் குறைவு, பிடிப்பும் நன்றாக இருக்கும். நிறம் பிங்க் அல்லது ஆரஞ்சு. பச்சை புல்லில் மறையும், மஞ்சள் அக்டோபர் இலைகளில் மறையும். ஒரு டிஸ்க்கைத் தேடி 15 நிமிடம் போனால் அந்த மாலையே கெட்டது. மூன்றாவது மாதம் யாராவது டிரைவர் கேட்டால் லெப்பர்டிலிருந்து (6/5/-2/1) தொடங்கட்டும்.

பயிற்சி நாளில் 12 அடியிலிருந்து புட் 15 நிமிடம், நின்ற இடத்திலிருந்து எறிதல் 15 நிமிடம், உடனே 5 ஹோல் ஆட்டம். சங்கிலி குலுங்கும் சத்தத்தை அவர்கள் முதல் அரை மணி நேரத்திலேயே கேட்டாக வேண்டும்.

செவ்வாய்லீக்:
டிரைவர் விஷயம் உறைக்கிறது, நன்றி. லீக் முறை பற்றியும் சொல்லுங்கள். இப்போது ஒற்றையர், நுழைவு 5 டாலர், ஜெயிப்பவர்களுக்குப் போகும்.

நேர்கோடு:
அப்படியானால் புதியவர் வாராவாரம் பழையவருக்கு 5 டாலர் கட்டுகிறார். முதலில் அதை மாற்றுங்கள். லீக்குக்கு 1 டாலர், பரிசுப்பணமும் ஏஸ் பாட்டும் (ஒரே எறிதலில் கூடையில் போடுபவருக்குச் சேர்த்துவைக்கும் பணம்) விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்.

மாதத்தில் இரண்டு செவ்வாய் சீட்டுக் குலுக்கி டபுள்ஸ் ஆடுங்கள். பழையவர்கள் ஒரு குவளை, புதியவர்கள் ஒரு குவளை, ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் சேர்ந்து ஒரு ஜோடி. இருவரும் எறிந்து, நல்ல இடத்தில் விழுந்ததை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மறுபடி இருவரும். புதியவரின் மோசமான எறிதல் யாரையும் பாதிக்காது, அவர் போட்ட ஒரு நல்ல புட் ஜோடியைக் காப்பாற்றும். ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் மிஞ்சியவர் தனியாக, ஹோலுக்கு ஓர் எறிதல் கூடுதலாக வைத்து ஆடுவார்.

பெண்களுக்குத் தனி மாலை வேண்டும், வாரம் தவறாமல் ஒரே நாள், குட்டை டீயில், ஒரு பெண் நடத்துவதாக. உங்கள் லீக்கில் இருக்கும் அவரிடம் கேளுங்கள், ஆனால் பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டாதீர்கள். இரவல் பெட்டியைக் கொண்டுவருவதும் சுத்தம் செய்வதும் மற்றவர்கள் வேலை. அந்த நேரத்தில் பூங்காக் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பூட்டிக் கிடந்தால் மற்ற ஏற்பாடு எதுவும் உதவாது. 2012 முதல் பிடிஜிஏ நடத்தும் மகளிர் உலகளாவிய போட்டியில் அவரவர் ஊரிலேயே ஆடி ஒரே பட்டியலில் இடம்பெறலாம். ஏழெட்டுப் பேர் சேர்ந்ததும் அதைக் குறிவைக்கலாம்.

சங்கிலிக்கூடை:
டூர்னமென்ட் கேள்விக்கு வருகிறேன். அதற்கு வருபவர்கள் ஏற்கெனவே ஆடுபவர்கள். அந்த வார இறுதியில் உள்ளூர்க் குடும்பங்களுக்குப் பூங்கா மூடப்படும். கான்சாஸின் எம்போரியா 2016, 2022 என இரண்டு முறை தொழில்முறை உலகப் போட்டி நடத்திய சிறிய ஊர், கடைவீதியையே விழாவில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அதற்குப் பின்னால் பல வருட வாராந்தர ஆட்டமும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, அடுத்த டீ எங்கே என்று புதியவருக்குத் தெரிய வேண்டும். கூடை விளிம்பில் அடுத்த டீ பக்கமாக ஒரு சிவப்பு கேபிள் டை கட்டினால் போதும். 18 கூடைக்கும் 10 டாலர்கூட ஆகாது.

செவ்வாய்லீக்:
கடைசியாக ஒன்று: வளர்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? பூங்காத்துறைக்கு யூடிஸ்க் (ஸ்கோர் பதியும் செயலி) கணக்கு காட்டுகிறோம்.

காற்றெதிர்:
யூடிஸ்க் ஏற்கெனவே ஆடுபவர்களைத்தான் பிடிக்கும். புதியவர் போனில் அந்த செயலியே இருக்காது. இரவல் பெட்டி மூடியில் ஒரு தாள் ஒட்டுங்கள்: பெயர், தேதி. ஒரே பெயர் ஆறு வாரத்துக்குள் மூன்றாவது தடவை வந்தால் ஒரு கோடு போடுங்கள். மாதாமாதம் அந்தக் கோடுகளை எண்ணுங்கள், பயிற்சி நாளுக்கு வந்த தலைகளை அல்ல. ஜூலையிலும் கோடு விழவில்லை என்றால் அந்தத் தாளோடு இங்கே வாருங்கள், எந்த வாரத்தில் நழுவுகிறார்கள் என்று பார்க்கலாம்.