தி கலர் ஆஃப் மேஜிக்: குறையோடு ரசித்த வாசகர்கள், பாதியில் விட்டவர்களுக்குச் சொல்வது

ஆமையோடு:
டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்ற நகைச்சுவை மாயாஜால வரிசையில் வந்த இந்த 1983 நாவலைப் பாதியில் மூடிவைத்தவர்களில் பலர் தொடக்கக் காட்சியிலேயே தடுக்கி விழுந்தவர்கள். ஆங்க்-மோர்போர்க் நகரம் பற்றி எரிகிறது, தூரத்தில் நின்று இரண்டு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். இவர்கள்தான் நாயகர்கள் போல என்று பெயர்களை நெட்டுருப் போட வேண்டாம். ஃபிரிட்ஸ் லைபரின் வாள்வீரர் ஜோடியைக் கிண்டலடிக்க நிறுத்திவைத்த ஆட்கள், அவ்வளவுதான். எரியும் ஊரிலிருந்து தப்பி வருகிறானே, பல்கலைக்கழகம் துரத்திவிட்ட மந்திரவாதி ரின்ஸ்விண்ட், அவனைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெருப்புக்கு முன்னால் நடந்ததை அவன் சொல்ல ஆரம்பிப்பதுதான் முதல் பகுதி.

இன்னொன்று, இது ஒரே கதை இல்லை. நான்கு குறுநாவல்களைத் தைத்துச் சேர்த்தது. தையல் அப்பட்டமாகத் தெரியும். ஒரே மூச்சில் படித்தால் "இப்போ எங்கே இருக்கோம்?" என்ற குழப்பம்தான் மிஞ்சும். பகுதிக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் தையல் உறுத்தாது.

மூன்றாவது பகுதிதான் நான்கிலும் தொய்வு. தலைகீழ் மலை, அதில் டிராகன் வளர்க்கும் குடும்பத்தின் வாரிசுச் சண்டை. டிராகன் மேல் சவாரி செய்பவர்களைப் பற்றிய ஆன் மெக்கஃப்ரியின் பெர்ன் கதைகள் தெரியாவிட்டால் பாதிக் கிண்டல் வீண். வேகமாகத் தாண்டலாம், ஆனால் ரின்ஸ்விண்டோடு சுற்றும் பயணி டூஃபிளவர் டிராகனைக் கற்பனை செய்யும் இடத்தைத் தாண்டாதீர்கள். அங்கே டிராகன் இருக்கிறது என்று நம்பினால்தான் டிராகன் இருக்கும். அந்த மனுஷனோ சின்ன வயதிலிருந்து டிராகன் பைத்தியம்!

சிலேடைப்பித்தன்:
சிரிப்பு வராமல் போவதற்கு முக்கியக் காரணம் கண்ணால் மட்டும் படிப்பது. டூஃபிளவர் அந்த உலகின் முதல் சுற்றுலாப் பயணி. அவன் ஊர்ப் பேச்சு இங்கே யாருக்கும் தெரியாது, ரின்ஸ்விண்டுதான் மொழிபெயர்க்க வேண்டும். "பாதாளக் குட்டிப்பூதங்களின் எதிரொலி" என்ற பொருளில் ஒரு விசித்திரத் தொடர் வரும். எதிரொலிக்கு எக்கோ, குட்டிப்பூதத்துக்கு நோம். இரண்டையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள்: எக்கோ-நோமிக்ஸ். எகனாமிக்ஸ்! இன்ஷூரன்ஸுக்கும் இதே கதிதான்: இன், சூயர், ஆன்ட்ஸ். சத்திரம், சாக்கடை, எறும்பு.

காளமேகம் படித்தவர்களுக்கு இதெல்லாம் சில்லறைச் சிலேடை. சில இடங்களில் கடியும்கூட. ஆனால் இன்ஷூரன்ஸ் சிலேடை அதோடு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தீ விபத்துக்குப் பணம் கிடைக்கும் என்று புரிந்துகொண்ட சத்திரக்காரன் அடுத்து என்ன செய்வான்? முதல் பக்கத்தில் ஊர் எரிந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அந்தச் சிலேடையை மேலோட்டமாகத் தாண்டியவருக்கு நெருப்பு ஏன் வந்தது என்பதே சரியாகப் பிடிபடாது.

தாயக்கட்டை:
"எல்லாமே தற்செயலாக நடக்கிறது, ரின்ஸ்விண்ட் ஒவ்வொரு முறையும் எப்படித் தப்பிக்கிறான்?" என்பது அடிக்கடி வரும் குறை. இரண்டாவது பகுதியின் தொடக்கத்தைத் திரும்பப் படியுங்கள். கடவுள்கள் பலகை விரித்துப் பகடை உருட்டுகிறார்கள், ரின்ஸ்விண்டும் டூஃபிளவரும் காய்கள். எதிரே விதி. இந்தப் பக்கம் ஒரு பெண் தெய்வம், அவள் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். அவள் யார் என்று ஊகித்துவிட்டால் தற்செயலே கதையின் இயந்திரம் என்று புரியும்.

லக்கேஜுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. குட்டிக் குட்டியாய் நூற்றுக்கணக்கான கால்களோடு முதலாளி டூஃபிளவர் பின்னால் ஓடிவரும் மரப்பெட்டி அது, குறுக்கே வருபவரை விழுங்கியும் விடும். ஆசிரியர் சிக்கலில் மாட்டும்போதெல்லாம் அது வந்து முடிச்சை அவிழ்க்கிறது. குறைதான். ஆனால் அது ஓடிவரும் சத்தம் கேட்டதும் சிரிப்பு வந்துவிடுகிறதே, என்ன செய்ய?

சின்ன எழுத்து:
மரணம் ஒரு பாத்திரமாக வரும், பேச்சு முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் அதுவே குரல். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. மொழிபெயர்க்க நினைப்பவர்கள் தடித்த எழுத்தில் போடலாம், மேற்கோள் குறியை எடுத்துவிட்டால் இன்னும் பொருந்தும்.

இந்த நாவலில் மரணம் கொஞ்சம் குரூரமான ஆள், ரின்ஸ்விண்டைக் கொண்டுபோகத் துடிப்பவர். இதே வரிசையில் 1987இல் வந்த மார்ட் நாவலில் பூனைப் பிரியராக, மனிதர்களைப் பார்த்து வியப்பவராக மாறியிருப்பார். அதைப் படித்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு "வேறு யாரோ எழுதியதா?" என்று தோன்றும். வரிசையில் மொத்தம் 41 நாவல்கள், இது முதலாவது. பாத்திரங்கள் இன்னும் வேகவில்லை.

ஆமையோடு:
முடிவு பற்றி ஒரு எச்சரிக்கை. கதை தெரிய விரும்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். தட்டையான உலகம், விளிம்பில் கடல் கொட்டுகிறது. ரின்ஸ்விண்ட் அந்த விளிம்பிலிருந்து விழுகிறான், புத்தகம் முடிந்துவிடுகிறது. அச்சில் பக்கம் விடுபட்டுவிட்டதோ என்று கடைசித் தாளைத் தடவிப் பார்க்க வேண்டாம். மீதி 1986இல் வந்த தி லைட் ஃபென்டாஸ்டிக்கில் இருக்கிறது. அன்றைய வாசகர்களை மூன்று வருஷம் அந்தரத்தில் தொங்கவிட்டார். நான்காம் பகுதியைத் தொடங்கும் முன்பே அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.