ஃபெண்டர் பெயர் போட்ட ரெக்கார்டு பிளேயர்: காசு மரத்துக்கா, பெயருக்கா?

யீஷூன் பாஸ்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நான் பாஸ் கிட்டார் வாசிப்பவன். பகலில் துறைமுகத்தில் வேலை, வார இறுதியில் கல்யாணக் கச்சேரி. அப்பா சேர்த்து வைத்த தமிழ்ப்பட எல்பி தட்டுகள் இரண்டு பெட்டி நிறைய வீட்டில் இருக்கின்றன. இப்போது அவற்றை ஓட்டுவது ஒரு மலிவான சூட்கேஸ் பிளேயரில். ஊசி தட்டை உழுகிறதோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் ஒருவர் கிட்டார் கம்பெனி ஃபெண்டரின் பிரிசிஷன்டெக் என்ற ரெக்கார்டு பிளேயரை விற்கிறார். ரெக்கார்டு பிளேயர் செய்யும் மோஃபை கம்பெனியோடு சேர்ந்து 2022-ல் 1000 மட்டும் செய்தார்கள். அமெரிக்காவில் அப்போது 3,495 டாலர். இவர் கேட்பது 4,600 சிங்கப்பூர் வெள்ளி. உடல் முழுக்க ஸ்வாம்ப் ஆஷ் மரம், மூன்று நிற சன்பர்ஸ்ட். அப்படியே என் பாஸின் நிறம்.

இது பெயருக்குக் கொடுக்கும் காசா, இல்லை கிட்டார் செய்கிறவர்களுக்கு ஒலி பற்றித் தெரிந்த ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறதா? பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்) சுற்றிச் சுற்றியே பேர் வாங்கிய கம்பெனிக்கு கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பாகம்) பெரிய விஷயமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்காரி கேட்கிறாள், "ஒன்று ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது, மேசைக்கு இன்னொன்றா?"

கோப்பி ஓ கோசோங்:
வாங்கிப் போடுங்க ப்ரோ. பாட்டு எப்படிக் கேட்டாலும் செல்ஃபி நல்லா வரும்.

ஊசிமுனை:
தம்பி, கேசட் காலத்திலிருந்து இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடுகிறவன் நான். உங்கள் கேள்வியில் இரண்டு கேள்வி இருக்கிறது, பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பிக்கப். அடிப்படை ஒன்றுதான், இரண்டிலும் காந்தமும் சுருளும். கிட்டாரில் காந்தம் அசையாது, இரும்புக் கம்பி அசைகிறது. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜில் ஊசித்தண்டின் மறுமுனையில் இருக்கும் குட்டிக் காந்தமே அசைகிறது. ஆனால் அதிலிருந்து வருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். உங்கள் பாஸ் தருவதோடு ஒப்பிட்டால் கொசு முனகல். ஊசி தட்டில் அழுத்துவதும் சுமார் 2 கிராம் எடைதான். கிட்டார் பிக்கப் சுற்றத் தெரிந்ததால் இது வந்துவிடாது. ஃபெண்டருக்கும் அது தெரியும். அதனால்தான் இந்தப் பிளேயரில் இருப்பது மோஃபையின் மாஸ்டர்டிராக்கர் கார்ட்ரிட்ஜ். பத்து அங்குல டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை), டெல்ரின் பிளாஸ்டிக்கில் செய்த பிளாட்டர் (தட்டு உட்காரும் வட்டு), மோட்டார் எல்லாமே மோஃபை வழிதான். வேலை சுத்தமான வேலை, அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஃபெண்டர் தந்தது மரமும் பூச்சும். எனக்கு இடிக்கிற இடம் அதுதான். கிட்டாருக்கு ஸ்வாம்ப் ஆஷ் எடுப்பது அது எடை குறைவு, தட்டினால் நன்றாக ஒலிக்கும் என்பதற்காக. டர்ன்டேபிளின், அதாவது ரெக்கார்டு பிளேயரின், உடல் செய்ய வேண்டிய வேலை நேர் எதிர். அது ஒலிக்கவே கூடாது. மோட்டாரின் அதிர்வு, ஸ்பீக்கரிலிருந்து காற்று வழியாக வரும் அதிர்வு, எதுவும் ஊசியைத் தொடாமல் விழுங்கிவிட வேண்டும். மோஃபையின் சொந்த அல்ட்ராடெக் பிளேயரின் உடலைப் பாருங்கள். எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகையில் அலுமினியத் தகடு ஒட்டியிருப்பார்கள். அழகே கிடையாது, செத்த கட்டை. செத்த கட்டையாக இருப்பதுதான் அதன் பெருமை. விலையும் இதைவிடக் கணிசமாகக் குறைவு.

இன்னொரு வேடிக்கை. ஆஷ் மரம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது, வழக்கமான கிட்டார்களில் பெரும்பாலும் இனி போட மாட்டோம் என்று 2020-ல் சொன்னதே ஃபெண்டர்தான். மிசிசிப்பி வெள்ளமும் மரத்தைத் துளைக்கும் ஒரு பச்சை வண்டும் சேர்ந்து செய்த வேலை. கிட்டாருக்கே இல்லாத மரம் இரண்டு வருடத்தில் ரெக்கார்டு பிளேயராக வந்து நிற்கிறது. வியாபாரம்!

அதற்காக மோசமான பிளேயர் என்று அர்த்தமில்லை. நன்றாகத்தான் பாடும். அந்த மோஃபை நன்றாகப் பாடுவதால் பாடும், அவ்வளவுதான்.

பலாக்கட்டை:
ஊசிமுனை ஐயா சொன்னதை வீணை வாசிக்கிறவளாக நான் ஒத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம் தேடிப் பிடித்துக் குடத்தைக் குடைவது நாதம் உள்ளே சுற்றி வெளியே வரத்தான். அதன் மேல் ஊசியை வைத்துத் தட்டு ஓட்டச் சொன்னால் யாராவது ஓட்டுவார்களா?

ஆனால் வாத்தியக் கம்பெனி என்றாலே வெறும் பெயர் என்று எல்லோரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். யமஹா வேறு ஜாதி. 1887-ல் ஹமமட்சுவில் ஒரு ஹார்மோனிய வகை ஆர்கனைப் பழுதுபார்க்கப் போய்த் தொடங்கிய கம்பெனி, இன்று பியானோவும் செய்கிறது, ஆம்ப்ளிஃபயரும் செய்கிறது. 1982-ல் அவர்கள் ஜிடி-2000 என்ற டர்ன்டேபிளைக் கொண்டுவந்தார்கள். ஜிடி என்றால் ஜைகான்டிக் அண்ட் ட்ரெமெண்டஸாம் (பிரம்மாண்டம், அபாரம்), ஜப்பான்காரர்களின் அடக்கம் அன்றைக்கு லீவு போலிருக்கிறது. 2019-ல் அறிவித்த ஜிடி-5000 அமெரிக்காவில் அப்போது 7,999 டாலர். எடை 26 கிலோவுக்கு மேல், வீட்டுக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். டோன்ஆர்ம் வளைவே இல்லாமல் நேர்க்கோடு, ஆன்டி-ஸ்கேட்டிங் (ஊசி உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஏற்பாடு) கிடையாது. அதனால் ஊசியின் கோணப் பிழை வழக்கமான ஆர்மைவிடச் சில டிகிரி கூடும், தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள். நாம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அது அவர்களே யோசித்த யோசனை, வாடகைப் பெயர் இல்லை. பூச்சு மட்டும் பியானோ கறுப்பு. வாத்தியக்காரர்கள் என்று காட்டிக்கொள்ள அதுபோதும்.

எதிர்ப்பக்கம் ஸ்டெய்ன்வே. பியானோவில் கோபுரம், ஆனால் அந்தப் பெயர் போட்ட ஸ்பீக்கர்களைச் செய்வது டென்மார்க்கின் பீட்டர் லிங்டார்ஃப் ஆட்கள். மோசம் என்று சொல்லவில்லை, யார் செய்தது என்று தெரிந்து வாங்கலாமே என்றுதான்.

கோப்பி ஓ கோசோங்:
கிட்டார் கம்பெனி கிப்சனை விட்டுட்டீங்களே. 2013-ல் ஜப்பான் ஆடியோ கம்பெனி டியாக்கைப் பிடிச்சாங்க, 2014-ல் பிலிப்ஸ் ஆடியோ பிரிவை 135 மில்லியன் டாலருக்கு வாங்கினாங்க, 2018 மே மாசம் திவால் மனு. கிட்டார் மட்டும் செஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பாங்க. இதுல ஒரு பொடிச் செய்தி: எல்பி தட்டை 1948-ல் கொண்டுவந்த கொலம்பியா ரெக்கார்ட்ஸும், ஃபெண்டரும் சிபிஎஸ்ங்கிற ஒரே அமெரிக்க ஒலிபரப்புக் கம்பெனி வீட்டுல 1965-லிருந்து 1985 வரைக்கும் இருந்தாங்க. ஸ்டெய்ன்வேயும் 1972-ல் அதே வீட்டுக்குக் குடி வந்தது.

யீஷூன் பாஸ்காரன்:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. விற்பவரிடம் பின்பக்கப் படம் கேட்டு வாங்கினேன். தகட்டில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. நியூ ஜெர்சியில் வேலை பார்த்தபோது வாங்கியதாம். "ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இலவசமாகத் தருகிறேன்" என்கிறார். சரிதானே?

ஊசிமுனை:
சரியில்லை தம்பி. நல்லவேளை கேட்டீர்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை (மின்சாரம் வினாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கை) தொடாது. இந்த மாடலில் இருப்பது ஏசி சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகம் சுவரிலிருந்து வரும் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடும். 60-க்கு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுவது நம் ஊர் 50-க்கு 250 சுற்றும். தட்டு 33⅓-க்குப் பதில் சுமார் 28 சுற்றுதான் ஓடும். பாஸ் வாசிக்கிறவருக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், எல்லாப் பாட்டும் சுமார் மூன்று ஃப்ரெட், அதாவது மூன்று அரைச் சுரம், இறங்கிவிடும். பெண் குரல் ஆண் குரலாகும், ஆண் குரல் கிணற்றிலிருந்து வரும்.

வழி இரண்டு. மோஃபையிடம் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸுக்கான மோட்டாரும் புல்லியும் கேட்டு மாற்றலாம். இல்லாவிட்டால் 115 வோல்ட் 60 ஹெர்ட்ஸைத் தானே உருவாக்கித் தரும் பவர் சப்ளை தனியாக வாங்கலாம். இரண்டுக்கும் காசு. அந்தக் காசை விலையில் கழித்துக் கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து நேராக வரவழைத்தாலும் இதே கதைதான், மேலே 9 சதவீதப் பொருள் சேவை வரி.

பார்க்கப் போகும்போது இதையும் செய்யுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு, ஓடாமல் நிற்கும் ஒரு பழைய தட்டில் ஊசியை இறக்கி, ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மர உடலின் மூலையில் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டொக்' என்று கேட்டு உடனே அடங்கினால் பரவாயில்லை. 'டொம்ம்ம்' என்று இழுத்தால் மரம் கிட்டார் வேலை பார்க்கிறது. ஒலியை அளவோடு வையுங்கள், ஸ்பீக்கரின் வூஃபர் கிழிந்தால் நான் பொறுப்பில்லை. பிளேயர் வைக்கும் இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தரை கான்கிரீட், நடந்தால் ஊசி துள்ளுவது மரத்தரை வீட்டுக்காரர்களின் தலைவலி.

அப்பாவின் எல்பிகளைப் பற்றி ஒன்று. நடு ஓட்டை கொஞ்சம் விலகி இருக்கும் தட்டு எந்தப் பிளேயரில் போட்டாலும் சுருதி இழுக்கும். தட்டில் பூஞ்சை இருந்தால் முதலில் கழுவுங்கள், பிறகு புது ஊசியைக் காட்டுங்கள்.

பலாக்கட்டை:
ஆடியோ கடைகள் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். உங்கள் தட்டையே கையில் எடுத்துக்கொண்டு போய், பெயர் இல்லாத ஒரு சாதாரண பெல்ட் பிளேயரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 4,600-ல் பாதிக்கு என்ன கிடைக்கும் என்று காது தெரிந்துகொள்ளட்டும்.

யீஷூன் பாஸ்காரன்:
ஹெர்ட்ஸ் விஷயத்தைச் சொன்னதும் விற்பவர் 3,900-க்கு இறங்கிவிட்டார். மோட்டார் விலை கேட்டு மோஃபைக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை மதியம் அடெல்ஃபி, இரண்டு எல்பி கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஊசிமுனை அண்ணே, உங்களுக்கு நேரம் இருந்தால் சிட்டி ஹால் எம்ஆர்டியில் சந்திக்கலாமா? கோப்பி என் செலவு.