யூ-டர்ன் வந்தாலே கூட்டம் என்னை விட்டுவிட்டுப் போகிறது: காலில் பலம் இல்லையா, வேறு கோளாறா?

பெருங்குடி பெடல்:

வணக்கம். பொங்கல் முடிந்து வந்த ஞாயிறு, மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஈசிஆரில் ஒரு அமெச்சூர் சைக்கிள் ரேஸ் ஓட்டினேன். முதல் ரேஸ். வடக்கு முனையில் ஸ்டார்ட், தெற்கே ஏழரை கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தால் ஒரு சுற்று. நான்கு சுற்று, 60 கி.மீ. எங்கள் பிரிவில் 45 பேர் இருந்திருப்போம்.

தெற்கே போகையில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. வேகம் 41, 42 காட்டுகிறது, மூச்சுகூட வாங்கவில்லை. முதல் யூ-டர்னில் பின்தங்கி, நாக்கு தள்ளத் துரத்திப் போய் ஒட்டிக்கொண்டேன். இரண்டாவதில் தப்பித்தேன். மூன்றாவதில் ட்ராப், கூட்டத்தை விட்டே கழன்றுவிட்டேன். ஐம்பது மீட்டர் தள்ளிக் கண்ணெதிரே போகிறார்கள், எட்டவே முடியவில்லை. மிச்சம் 37 கி.மீ.யும் தனியாக ஓட்டி, கடைசிச் சுற்றில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, ஒருவழியாக முடித்தேன்.

வயது 34, எடை 71. கியர் முன்னால் 50-34 பல், பின்னால் 11-28 பல். 25 எம்எம் டயர், காற்றழுத்தம் 110 பிஎஸ்ஐ. மிதிக்கிற பலத்தை அளக்கும் பவர் மீட்டர் கிடையாது. சனிக்கிழமை குரூப் ரைடில் 34, 35 சராசரி சாதாரணமாக வரும். நவம்பர், டிசம்பர் மழையில் ரோட்டுப் பக்கமே போகவில்லை, வீட்டில் சைக்கிளை நிறுத்தி மிதிக்கும் ட்ரெய்னர்தான். அதுதான் காரணமா?

பஞ்சர் கடை:

சீசன் ஆரம்பத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான் தம்பி. கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் இன்னும் வயிற்றிலேயே இருக்கும். வாரம் இரண்டு நாள் இன்டர்வல் (கொஞ்ச நேரம் முழு வேகம், கொஞ்ச நேரம் ஓய்வு) போடுங்கள், எஃப்டிபி, அதாவது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் பலம், ஏறினால் சரியாகிவிடும்.

உப்புக்காற்று:

எஃப்டிபியை அப்புறம் பார்க்கலாம். 42-இல் மூச்சு வாங்காதவர் யூ-டர்னில் மட்டும் கழன்றால், கோளாறு யூ-டர்னில்தான் இருக்கும். இரண்டு கேள்வி. கூட்டத்தில் எத்தனையாவது ஆளாகத் திரும்பினீர்கள்? திரும்பும்போது செயின் எந்தப் பல்லில் இருந்தது? சைக்கிள் கம்ப்யூட்டரில் மூன்றாவது டர்னை நொடி நொடியாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பெருங்குடி பெடல்:

பார்த்தேன் அண்ணா. டர்னுக்கு முன் வேகம் 41, கேடன்ஸ் (நிமிடத்துக்குப் பெடல் சுற்று) 91. அப்புறம் வேகம் 14-க்கு விழுகிறது. மறுபடி மிதிக்க ஆரம்பிக்கும்போது கேடன்ஸ் 31! அங்கிருந்து வேகத்தை 46 வரை ஏற்றியிருக்கிறேன், இதயத்துடிப்பு 171-லிருந்து 188. கியரை மாற்றிய ஞாபகமே இல்லை. இடம் என்றால் கடைசி ஐந்து பேரில் ஒருவன். யார் மேலாவது விழுந்துவிடக் கூடாதே என்று பின்னாலேயே இருந்துவிட்டேன்.

உப்புக்காற்று:

நினைத்தேன். 41 வேகத்துக்கு கேடன்ஸ் 91 என்றால் 50-14, அதாவது முன்னால் 50 பல், பின்னால் 14 பல். அதே பல்லில் 14 கி.மீ. வேகத்துக்குக் கணக்குப் போட்டால் 31 வரும், உங்கள் பதிவும் அதையே சொல்கிறது. மூன்றாவது கியரில் வண்டியைக் கிளப்புகிற மாதிரி எழுந்து நின்று உந்தியிருக்கிறீர்கள். கெண்டைக்கால் பிடித்ததில் அதற்கும் பங்கு இருக்கும்.

டர்னுக்கு முன், இன்னும் மிதித்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஐந்து க்ளிக் இறக்குங்கள்: 15, 17, 19, 21, 23. மிதிக்காமல் கியர் மாறாது, அதனால் ப்ரேக் பிடித்த பிறகு நினைவு வந்து பயனில்லை. 23-இல் இருந்தால் அதே 14 வேகத்தில் கேடன்ஸ் 51. உட்கார்ந்தபடியே கிளம்பலாம், வேகம் ஏற ஏற ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் உங்கள் இடம். சிக்னல் பச்சை ஆனதும் முதல் வண்டி உடனே போகும், நாற்பதாவது வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும் இல்லையா? அதேதான். முதல் ஆள் 22 கி.மீ. வேகத்தில் சுலபமாகத் திரும்பிப் போய்விடுவார். உங்களுக்கு முன்னால் எல்லோரும் ப்ரேக் பிடித்துக் குவிந்து நிற்பார்கள். முதல் ஆளுக்கும் உங்களுக்கும் எட்டு நொடி இடைவெளி என்றால், கூட்டம் 40-ஐத் தொட்டதும் அது 90 மீட்டர் ஆகிவிடும். அதை மூடத்தான் உங்களுக்கு 46 வேகம் தேவைப்பட்டது. முன்னால் பத்துப் பேருக்குள் இருந்தவருக்கு அந்த ஸ்ப்ரிண்டே கிடையாது. ஏழு டர்னில் ஏழு ஸ்ப்ரிண்ட் அடிக்க யாராலும் முடியாது, என்னாலும்தான்.

டர்ன் வர ஒரு கி.மீ. இருக்கும்போதே மெதுவாக முன்னால் ஊருங்கள். கடைசி 200 மீட்டரில் ஊர்ந்தால் திட்டு வாங்குவீர்கள்.

வால்வ் மூடி:

ஒன்று சேர்க்கிறேன். நம் ஊரில் யூ-டர்ன் வலது பக்கம். வலது பெடல் மேலே, இடது கால் கீழே, எடை முழுக்க அந்த இடது காலில். இடது ஓரத்திலிருந்து அகலமாக உள்ளே வாருங்கள். மீடியனை ஒட்டிப் போனால் வளைவும் இறுக்கம், அங்கேதான் மணலும் சேர்ந்து கிடக்கும்.

71 கிலோவுக்கு 110 பிஎஸ்ஐ எதற்கு? டயர் தரையைப் பிடிக்காமல் துள்ளும், பயத்தில் நீங்களும் அதிகமாக ப்ரேக் பிடிப்பீர்கள். 85 போதும்.

பெருங்குடி பெடல்:

எங்கள் லேஅவுட்டில் காலி ரோடு ஒன்று இருக்கிறது. இரண்டு தண்ணீர் பாட்டிலை மீடியனாக வைத்து, காலை ஐந்தரைக்கு இருபது டர்ன் போட்டேன். முதல் ஆறிலும் கியர் மறந்துவிட்டது. ஏழாவதிலிருந்து வாய்விட்டு எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வாக்கிங் போன தாத்தா நின்று பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் 18-க்குக் கீழே இறங்காமல் திரும்ப வருகிறது.

ஒரு சந்தேகம் பாக்கி. ஒன்றிலும் மூன்றிலும் செத்தேன், இரண்டில் மட்டும் எப்படித் தப்பித்தேன்?

உப்புக்காற்று:

ஒன்றும் மூன்றும் தெற்கு முனை. ஜனவரியில் அங்கே காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். திரும்பியதும் முகத்தில் அடிக்கும், இடைவெளி விட்டால் அந்தக் காற்றைத் தனியாகக் கிழிக்க வேண்டும். வடக்கு முனையில் திரும்பினால் அதுவே முதுகில் தள்ளும், ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. வடக்கே வரும்போது காற்று கடல் பக்கமிருந்து, வலது முன்னாலிருந்து வரும். காற்றிலிருந்து மறைவு கிடைப்பது முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் இல்லை, சற்று இடப்பக்கம் தள்ளி. எல்லோரும் அப்படித் தள்ளித் தள்ளிப் படிக்கட்டு மாதிரி நிற்பார்கள். கடைசி ஐந்து பேருக்கு ரோடு தீர்ந்துவிடும், வெள்ளைக் கோட்டில் மணலை மிதித்துக்கொண்டு முழுக் காற்றும் வாங்குவார்கள்.

பெருங்குடி பெடல்:

வெள்ளைக் கோட்டில்தான் இருந்தேன் அண்ணா! மணல் சக்கரத்தில் கரகரவென்று அரைத்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

பஞ்சர் கடை:

சரி, என் இன்டர்வலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வாரத்துக்கு ஒன்றாவது போடுங்கள்.