பலூ தம்பி எழுத்துருவோடு எங்கள் அனுபவங்கள்

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
எங்கள் வகுப்பில் ‘வாசிப்பு மூலை’ என்ற பலகையைப் பலூ தம்பியில் பெரிதாக அச்சிட்டு மாட்டினோம். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த குழந்தைகளைப் போல ஒவ்வொரு எழுத்தும் கொழுகொழுவென்று இருக்கிறது. பிள்ளைகள் தாமாகவே போய் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். வேறு எந்தப் பலகைக்கும் இந்த வரவேற்பு கிடைத்ததில்லை.

ஆனால் அதே எழுத்தில் சிறிய அளவில் வாசிப்பு அட்டைகள் வந்தபோது நிலைமை வேறு. மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒன்றுபோலத் தெரிந்தன. ‘பனி’யா ‘பணி’யா என்று ஒரு சிறுமி படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். சுழியை எண்ணிப் பழகும் வயதில் சுழியே மூடிக்கொண்டால் அவள் என்ன செய்வாள்? எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அச்சக வடிவமைப்பாளர்:
டீச்சர், தடிமன்தான் காரணம். மும்பையின் ‘ஏக் டைப்’ என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு 2016இல் இதை வெளியிட்டபோது ஒரே ஒரு தடித்த வடிவம்தான் இருந்தது. தலைப்புக்காகவே வரைந்த எழுத்து அது. சிறிதாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் மையில் அடைந்துவிடும். பிறகு வந்த ‘பலூ தம்பி 2’இல் 5 தடிமன்கள் உள்ளன. அட்டைக்கு அவற்றில் மெலிந்தவையான ‘ரெகுலர்’ அல்லது ‘மீடியம்’ எடுத்து, எழுத்தளவு 20 பாயின்டுக்குக் குறையாமல், வரி இடைவெளியைத் தாராளமாக விட்டு அச்சிடச் சொல்லுங்கள். மேல் வரியின் ‘ழு’ போன்றவை கீழே இறங்கும். கீழ் வரியின் ‘டி’, ‘றீ’ மேலே ஏறும். நெருக்கி வைத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

‘இன்டிசைன்’ என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று: பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ தேர்வு செய்யாவிட்டால் ‘கெ’, ‘கே’ போன்றவற்றில் முன்னால் வர வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அப்படியே அச்சாகி வந்த காதணி விழா அழைப்பிதழ்களைப் பார்த்திருக்கிறேன். பழி எழுத்துருவின் மேல்தான் விழுந்தது, பாவம்.

பிறந்தநாள் பேனர், இனிப்புப் பெட்டி, மழலையர் பள்ளி விளம்பரம் ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமம் இருப்பதால் விலைக்கு விற்கும் புத்தகத்திலும் பயன்படுத்தலாம். ஒருவர் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கும் இதையே கேட்டார். நேரான, மெலிந்த எழுத்தில் ஒரு மாதிரி எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவரே மாற்றிக்கொண்டார்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
நன்றி தம்பி. மீடியத்தில் மறுபடி அச்சிட்டோம்; சுழிகள் திறந்திருக்கின்றன, ‘மணல்’, ‘மனம்’ இரண்டையும் தடுமாறாமல் படிக்கிறார்கள். ஒன்றில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன்: எழுதிப் பழகும் ஏட்டில் இதை வைக்க மாட்டேன். தடித்த, உருண்ட முனைகளில் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது என்பது பிள்ளைக்குத் தெரியாது. அதற்கு ஒரே சீரான மெல்லிய கோட்டில் வரைந்த எழுத்தே வேண்டும்.