வீட்டோ விழுந்த பிறகு ஐ.நா.வால் என்னதான் செய்ய முடியும்?

நெய்தல்

பாதுகாப்பு சபையில் போர்நிறுத்தத் தீர்மானம் வருகிறது. 15 உறுப்பினர்களில் 13, 14 பேர் ஆதரிக்கிறார்கள். நிரந்தர உறுப்பினர் ஒருவர் எதிர்த்துக் கை தூக்கியதும் தீர்மானம் விழுந்துவிடுகிறது. அதோடு எல்லாம் முடிந்ததா? பொதுச் சபைக்குப் போகலாம், தி ஹேக்கில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம், அமைதி காக்கும் படையை அனுப்பலாம் என்கிறார்கள். இவற்றில் எது நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும், எது வெறும் கண்டனத்தோடு நின்றுவிடும்? "ஐ.நா. பல் இல்லாத பாம்பு" என்ற பதில் வேண்டாம். எங்கே பல் இருக்கிறது, எங்கே இல்லை என்று நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைவாளர்

வீட்டோ எதற்கெல்லாம் செல்லும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஐ.நா. சாசனத்தின் 27-வது பிரிவுப்படி எந்த முடிவுக்கும் 9 வாக்குகள் தேவை. நடைமுறை சார்ந்த விஷயம் என்றால் அந்த 9 போதும், வீட்டோ செல்லாது. மற்றவற்றில் நிரந்தர உறுப்பினர் ஐவரில் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) ஒருவர்கூட எதிர்த்து வாக்களித்திருக்கக் கூடாது. வாக்களிக்காமல் ஒதுங்கினால் அது வீட்டோ ஆகாது. இந்த வழக்கத்தை 1971-ல் நமீபியா பற்றிய ஆலோசனைக் கருத்தில் சர்வதேச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

உங்கள் கேள்விக்கான வாசல் அந்த "நடைமுறை விஷயத்தில்" இருக்கிறது. 1950-ல் சோவியத் ஒன்றியம் சபையைப் புறக்கணித்திருந்த நேரத்தில் கொரியப் போர் பற்றிய தீர்மானங்கள் நிறைவேறின. ஆகஸ்டில் அதன் பிரதிநிதி திரும்பியதும் வழி அடைபட்டது. அதைச் சமாளிக்கப் பொதுச் சபை நவம்பர் 3 அன்று நிறைவேற்றியதுதான் "அமைதிக்காக ஒன்றுபடுதல்" என்ற 377-வது தீர்மானம். வீட்டோவால் பாதுகாப்பு சபை முடங்கினால், 24 மணி நேரத்தில் பொதுச் சபையின் அவசரச் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டலாம். கூட்டச் சொல்லிப் பாதுகாப்பு சபை வாக்களிப்பது நடைமுறை முடிவுதான். பொதுச் சபை உறுப்பு நாடுகளில் பெரும்பான்மை கேட்டாலும் கூட்டியாக வேண்டும்.

1956-ல் இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கிய சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனும் பிரான்சும் எதிர்த்து வாக்களித்தும் விஷயம் பொதுச் சபைக்குப் போனது. இரண்டு எதிர்வாக்குகளும் வீட்டோவாகக் கணக்கில் வரவில்லை. 2022 பிப்ரவரி 27 அன்று உக்ரைன் விஷயத்திலும் அதே வழிதான். ரஷ்யா எதிர்த்தது, 11 வாக்குகளோடு 2623-வது தீர்மானம் நிறைவேறியது. மார்ச் 2-ல் பொதுச் சபை 141-க்கு 5 என்று வாக்களித்தது, 35 நாடுகள் ஒதுங்கின.

ஆனால் பொதுச் சபை பரிந்துரைக்கத்தான் முடியும். தடை விதிக்கும்படி எந்த நாட்டுக்கும் உத்தரவிட முடியாது. சூயஸில் அது சாதித்ததற்குக் காரணம் எகிப்து சம்மதித்ததுதான். அதனால்தான் ஐ.நா.வின் முதல் ஆயுதம் தாங்கிய அமைதிப் படையை அங்கே இறக்க முடிந்தது. 2022 ஏப்ரலில் வந்த 76/262 தீர்மானத்தையும் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். வீட்டோ விழுந்த 10 வேலை நாளுக்குள் பொதுச் சபை கூடி விவாதிக்க வேண்டும் என்கிறது, அவ்வளவே. வீட்டோவை அது ரத்து செய்யாது. போட்டவர் 193 நாடுகள் முன்னால் காரணம் சொல்ல வேண்டிய அழுத்தத்தை உண்டாக்குகிறது. அதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

கடலோடி

வரைவாளர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வீட்டோ விழாமல் நிறைவேறிய தீர்மானங்களும் ஒரே பலம் கொண்டவை அல்ல. வாசிக்கும்போது வினைச்சொல்லைப் பாருங்கள். "முடிவு செய்கிறது" என்றால் 25-வது பிரிவுப்படி எல்லா நாடுகளுக்கும் கட்டாயம். "கேட்டுக்கொள்கிறது", "வலியுறுத்துகிறது" என்றால் பெரும்பாலும் வேண்டுகோள்தான். அடுத்து, ஏழாவது அத்தியாயத்தைச் சுட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 39-வது பிரிவுப்படி அமைதிக்கு அச்சுறுத்தல் இருப்பதாகத் தீர்மானித்த பிறகுதான் 41-ன் பொருளாதாரத் தடையும் 42-ன் படைபலமும் வரும்.

படைபலத்துக்கு அனுமதி தரும் வழக்கமான வாசகம் "தேவையான எல்லா வழிகளையும்" என்பது. 1990 நவம்பரில் ஈராக் பிடித்திருந்த குவைத்தை மீட்க வந்த 678-வது தீர்மானத்தில் அது இருந்தது, ஈராக் வெளியேறுவதற்கான கெடு 1991 ஜனவரி 15 என்றும் போட்டிருந்தது. ஈராக்கின் ஆயுதங்கள் பற்றி 2002-ல் வந்த 1441-ல் அந்த வாசகம் இல்லை. "கடுமையான விளைவுகள்" என்று மட்டுமே எச்சரித்தது. 15-க்கு 15 என்று நிறைவேறியதற்கே அந்த மழுப்பல்தான் காரணம். ஆளுக்கொரு பொருள் கொண்டு வாக்களித்தார்கள். அடுத்த மார்ச்சில் அமெரிக்காவும் பிரிட்டனும் அதையும் பழைய 678-ஐயும் காட்டியே ஈராக் மீதான படையெடுப்பை நியாயப்படுத்தின. வரைவில் விட்ட ஓட்டை எத்தனை உயிர்களைத் தின்னும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பொருளாதாரத் தடையில் இன்னொரு சிக்கல், தலைகீழ் வீட்டோ. காலக்கெடு இல்லாமல் தடை விதித்தால், அதை நீக்கப் புதுத் தீர்மானம் வேண்டும், அதை ஒரே நாடு தடுத்துவிடலாம். 1990 ஆகஸ்டில் ஈராக் மீது விழுந்த முழுத் தடை 2003 மே வரை நீங்காததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே தடைத் தீர்மானத்தில் முடிவுத் தேதி இருக்கிறதா என்பதை முதலில் தேடுவேன்.

நெய்தல்

மிக்க நன்றி. நீதிமன்ற வழிக்கு வீட்டோ கிடையாதே, அது எப்படி?

முல்லைவேந்தன்

வழக்குத் தொடுப்பதற்கு வீட்டோ இல்லை, சரி. ஆனால் அங்கே சம்மதம் குறுக்கே நிற்கும். சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்கை மட்டும் எடுக்கும், அதுவும் இரு நாடுகளும் ஏதோ ஒரு வடிவில் அதன் அதிகாரத்தை ஏற்றிருந்தால்தான். போர்க்கால வழக்குகளில் வழக்கமாகப் பிடிக்கும் பிடி இனப்படுகொலை உடன்படிக்கையின் 9-வது பிரிவு. அதற்கு விலக்கு எழுதி வைத்த நாட்டின் மேல் அந்த வழியில் போக முடியாது. 1999-ல் நேட்டோ குண்டுவீச்சுக்கு எதிராக யூகோஸ்லாவியா போட்ட வழக்குகளில் அமெரிக்காவும் ஸ்பெயினும் அப்படித்தான் ஆரம்பத்திலேயே விடுபட்டன.

பிடி கிடைத்தால், மனுவோடு சேர்த்தே இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். அதிகாரம் முதல் பார்வைக்கு இருக்கிறது, காக்க வேண்டிய உரிமை நம்பத்தக்கது, தாமதித்தால் ஈடுசெய்ய முடியாத கேடு வரும் என்று காட்டினால் போதும். ரோஹிங்கியாக்கள் விஷயத்தில் மியான்மர் மேல் காம்பியா 2019 நவம்பர் 11-ல் மனுப் போட்டது, 2020 ஜனவரி 23-ல் ஒருமனதாக உத்தரவு வந்தது. இறுதித் தீர்ப்புக்கோ ஆண்டுக்கணக்காகும். இடைக்கால உத்தரவும் கட்டாயமானதே, அதை 2001-ல் லாகிராண்ட் வழக்கில் நீதிமன்றமே தெளிவாக்கியது.

தீர்ப்பை மீறினால்? 94-வது பிரிவுப்படி பாதுகாப்பு சபைக்குப் போகலாம். அங்கே மறுபடி வீட்டோ காத்திருக்கும். 1986-ல் நிகரகுவா அமெரிக்காவுக்கு எதிராக ஜெயித்துவிட்டு அங்கே போனபோது, அமெரிக்காவே வீட்டோ போட்டது.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2002 ஜூலை 1 முதல் இயங்கும் அது தனிமனிதர்களை விசாரிக்கிறது. உறுப்பினர் அல்லாத நாட்டில் நடந்த குற்றத்துக்கு, அந்த நாடே ஏற்காவிட்டால், பெரும்பாலும் பாதுகாப்பு சபை அனுப்பி வைக்க வேண்டும். சூடானின் டார்ஃபரும் லிபியாவும் அப்படிப் போயின. சிரியாவை அனுப்பும் தீர்மானத்தை 13 பேர் ஆதரித்தும் 2014-ல் ரஷ்யாவும் சீனாவும் தடுத்தன. அதற்குச் சொந்தப் போலீஸ் கிடையாது, கைது செய்ய வேண்டியது நாடுகள்தான்.

கடலோடி

அமைதிப் படை பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். 43-வது பிரிவுப்படி நாடுகள் ஐ.நா.வுக்குப் படை ஒதுக்கும் ஒப்பந்தம் எதுவும் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் நாடு நாடாகக் கேட்டுத்தான் ஆள் திரட்டுகிறார்கள். தீர்மானத்தில் உள்ள எண்ணிக்கை களத்தில் நிற்கும் எண்ணிக்கை அல்ல. ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கி இரண்டு வாரத்தில், 1994 ஏப்ரல் 21 அன்று, படையை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு சபை முடிவு செய்தது. மே 17-ல் 5,500 பேர் வரை அனுமதித்தது. ஆள் தர நாடுகள் முன்வராததால் மாதக்கணக்கில் இழுத்தது, அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இங்கே தடுத்தது வீட்டோ அல்ல என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, படையை ஏற்ற நாடு சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். 1967 மே மாதம் எகிப்து போகச் சொன்னது, படை விலகியது, ஜூன் 5-ல் இஸ்ரேலோடு போர் வெடித்தது. 2023-ல் மாலி சொன்னபோதும் ஆண்டு இறுதிக்குள் படை வெளியேறியது.

ஒரு படை உருப்படுமா என்று கணிக்க, பொதுச் செயலாளர் எத்தனை பேர் கேட்டார், சபை எத்தனை பேர் கொடுத்தது என்று இரண்டையும் பாருங்கள். 1993-ல் போஸ்னியாவில், பிறகு 1995-ல் படுகொலை நடந்த ஸ்ரெப்ரெனிட்சா உள்ளிட்ட பாதுகாப்பு வலயங்களுக்கு 34,000 பேர் வேண்டும் என்று அறிக்கை சொன்னது. 7,600 பேர் போதும் என்ற "இலகுவான" மாற்றைச் சபை தேர்ந்தெடுத்தது.