பேஸ் கிட்டார் கம்பிகள்: ரவுண்ட்வவுண்ட், ஃப்ளாட்வவுண்ட், ஃப்ரெட் தேய்மானத்துக்குத் தமிழ்ச்சொல் தேவை

கிட்டார் ஆசிரியர், சென்னை

அனைவருக்கும் வணக்கம். பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிட்டார்) கற்கும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். கம்பி தேர்ந்தெடுப்பது பற்றிய பக்கம் மட்டும் நிற்கிறது.

சிக்கல் இதுதான். நடுவில் எஃகு உள்கம்பி, அதன்மேல் இன்னொரு கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். மேலே சுற்றுவது உருண்டைக் கம்பியானால் ரவுண்ட்வவுண்ட். பட்டையான தகட்டுக் கம்பியானால் ஃப்ளாட்வவுண்ட். உருண்டைக் கம்பியைச் சுற்றிவிட்டு மேற்புறத்தை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தினால் கிரவுண்ட்வவுண்ட். முதல் வகை பளிச்சென்று ஒலிக்கும். ஆனால் ஃப்ரெட்டை (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டையை) அரம் போல அராவிவிடும். இரண்டாவது அடங்கிய, உருண்ட நாதம் தரும். ஃப்ரெட்டுக்கும் விரலுக்கும் இதம், பல காலம் உழைக்கும்.

உருள்சுற்று, தட்டைச்சுற்று, மழுக்குச்சுற்று என்று வைத்திருக்கிறேன். டென்ஷனுக்கு இழுவிசை. ஃப்ரெட் தேய்வதற்கு மெட்டுத் தேய்மானம். திருத்தம் சொல்லுங்கள்.

தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

> நடுவில் எஃகு உள்கம்பி, அதன்மேல் இன்னொரு கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும்

தம்பி, முயற்சிக்கு வாழ்த்து. ஆனால் 'கம்பி' என்ற சொல்லிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. சன்னலுக்கும் கம்பி, வேலிக்கும் கம்பி. இசைக்கருவிக்கு நம்மிடம் 'நரம்பு' இருக்கிறது. சிலம்பின் கானல்வரி தொடங்கும்போதே யாழின் உறுப்புகளில் ஒன்றாக அது வந்துவிடுகிறது. விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தபின், நரம்பிசைக் கருவிகளுக்குச் சொல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து, 'சுற்று'. அதைவிட நுட்பமான சொல் 'வரி'. வரிதல் என்றால் இறுகக் கட்டுதல். 'வரிந்து கட்டிக்கொண்டு' என்று இன்றும் சொல்கிறோம். கூரையில் குறுக்கே வைத்துக் கட்டுவது வரிச்சு. சங்கப் பாடல்களில் கட்டமைந்த வில் வரிவில். கோடுகோடாகத் தெரிவதும் வரி. சுற்றப்பட்ட நரம்பில் கட்டும் உண்டு, கோடும் உண்டு. இரண்டு பொருளையும் ஒரே சொல் தாங்குகிறது. அரசுக்குக் கட்டும் வரியும் இதே வேரில் பிறந்தது என்பது என் கருத்து. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். ஆகவே உருள்வரி நரம்பு, தட்டைவரி நரம்பு.

இயற்பியல் ஆசிரியை, மதுரை

ஐயா, வேர் விளக்கம் அருமை. ஆனால் 'தட்டைவரி' என்று அச்சில் பார்க்கும் எவருக்கும் முதலில் வருமான வரிதான் நினைவுக்கு வரும். நரம்பு என்றால் என் மாணவர்களுக்கு உடற்கூறு. பொருள் விளங்க அடிக்குறிப்பு கேட்கும் சொல்லைக் கையேட்டில் வைக்க முடியாது.

டென்ஷனுக்கு இழுவிசை சரி. பாடநூலிலும் அதுதான். அதை 'விறைப்பு' என்று மட்டும் யாரும் மாற்றிவிட வேண்டாம். அது வளைய மறுக்கும் தன்மை, வேறு பண்பு. கம்பியின் நீளம், ஓரலகு நீளத்துக்கு அதன் நிறை, சேர்க்கும் சுருதி இந்த மூன்றும் தெரிந்தால் இழுவிசை தெரிந்துவிடும். வழக்கமான பேஸில் அதிரும் நீளம் 34 அங்குலம். தடித்த ஈ (E) கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர வேண்டும். அவ்வளவு தாழ்ந்த சுருதிக்கு நிறை கூட வேண்டும். ஒரே கம்பியைத் தடிமனாக்கினால் அது வளையாமல் விறைத்துவிடும். அதனால்தான் மெல்லிய உள்கம்பியின் மேல் சுற்றி நிறையை ஏற்றுகிறார்கள். இன்னொன்று: ஈ கம்பியை டி (D) சுருதிக்கு இறக்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து கம்பி தொளதொளக்கும். இதைக் கையேட்டில் அவசியம் சேர்க்க வேண்டும்.

இரண்டு கம்பிகளின் இழுவிசை ஒன்றாக இருந்தும் விரலுக்கு ஒன்று கடினமாகவும் மற்றது இலகுவாகவும் தெரியலாம். அந்த வேறுபாட்டில் விறைப்புக்கும் பங்கு உண்டு. இரண்டு சொல்லும் வேண்டும்.

கருவி பழுதுபார்ப்பவர், டொராண்டோ (ஊர் யாழ்ப்பாணம்)

நான் நாள்தோறும் தேய்ந்த ஃப்ரெட்டுகளைப் பார்க்கிறவன். உங்கள் விவாதத்தில் உலோகத்தைக் காணோம். பெரும்பாலான ஃப்ரெட்டுகள் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. நம் வீடுகளில் ஜெர்மன் சில்வர் என்று சொல்வது இதைத்தான். வெள்ளி துளியும் இல்லை. துருப்பிடிக்காத எஃகால் சுற்றிய கம்பி அதைவிடக் கடினம். நிக்கல் பூசிய எஃகு கொஞ்சம் பரவாயில்லை. எனவே வடிவத்துக்கு ஒரு சொல், உலோகத்துக்கு ஒரு சொல் என்று இரண்டும் சேர்ந்து வர வேண்டும்: 'எஃகு உருள்சுற்று', 'நிக்கல் உருள்சுற்று' என்று. பேராசிரியர் ஐயா சொன்ன 'வரி'யோடு இதைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன், கடையில் கேட்கக்கூடிய பெயராக அமையவில்லை.

வரலாற்றையும் ஒரு வரி எழுதலாம். 1951இல் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிட்டார் வந்த காலத்தில் தட்டைச்சுற்றுதான் வழக்கம். 1966இல் தி ஹூ என்ற ஆங்கில ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் ரோட்டோசவுண்ட் என்ற கம்பி நிறுவனத்தோடு சேர்ந்து தனக்கேற்ற உருள்சுற்றுக் கம்பியை உருவாக்கிய பிறகுதான் அந்தப் பளிச்சென்ற ஒலி பரவியது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் பதிவுகளில் வாசித்த பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் கடைசிவரை தட்டைச்சுற்றுதான், அறுந்தாலொழிய மாற்றமாட்டார். அந்த ஒலியை விரும்பும் பிள்ளைக்குப் புதுக்கம்பி எதற்கு?

வீணைக் கலைஞர், சென்னை

'மெட்டு' பற்றி ஒரு வார்த்தை. வீணையில் 24 மெட்டுகள். எங்களுக்குச் சொல் பழகியது. ஆனால் 'மெட்டுத் தேய்மானம்' என்று தனியாக நின்றால் பாட்டின் மெட்டு சலித்துவிட்டது என்று படிக்க இடமிருக்கிறது. 'தேய்மானம்' கணக்குப் புத்தகச் சொல்லாகவும் ஆகிவிட்டது. 'தேய்வு' போதும்.

வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறோம். மெழுகு இளகி சுரம் விலகினால் மெட்டுகளைச் சுரத்துக்கேற்ப மீண்டும் பதித்துத் தரும் மேளம் கட்டுபவரைத் தேடிப் போவோம். தேய்ந்த பித்தளை மெட்டை மாற்றுவதும் அவர்தான். மேளம் கட்டுதல் என்ற அழகான தொழிற்சொல்லை கிட்டார்காரர்களும் எடுத்துக்கொள்ளலாமே.

தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

மெட்டில் குழப்பம் என்றால் 'திவவு' இருக்கிறதே.

வீணைக் கலைஞர், சென்னை

ஐயா, திவவு யாழின் கோட்டில் (வளைந்த தண்டில்) நரம்பை இறுக்கிப் பிடிக்கும் வார்க்கட்டு. பொருநராற்றுப்படை அதைப் பெண்ணின் முன்கை வளைக்கு ஒப்பிடுகிறது. யாழில் மெட்டே கிடையாது. இல்லாத உறுப்பின் பெயரை எப்படி எடுப்பது?

மொழிபெயர்ப்பாளர், சிங்கப்பூர்

கடைக்காரர் 'ஃப்ளாட்வவுண்ட் இருக்கு' என்பார். 'தட்டைச்சுற்று' கேட்ட பிள்ளை வெறுங்கையோடு திரும்பும். ஒலிபெயர்ப்பையே வைத்து, ஒரு வரியில் விளக்கம் கொடுங்கள். எல்லாச் சொல்லையும் தமிழாக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கிட்டார் ஆசிரியர், சென்னை

அண்ணா, கடையில் கேட்க அது போதும். ஆனால் என் பிள்ளைகளுக்கு ஏன் ஒன்று தேய்க்கிறது, இன்னொன்று தேய்க்கவில்லை என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். 'உருள்', 'தட்டை' என்றவுடன் ஃப்ரெட்டைத் தொடுவது முகடா பரப்பா என்று புரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தப் பாடு. ஒலிபெயர்ப்பை ஒவ்வொரு சொல்லும் முதலில் வரும் இடத்தில் ஒருமுறை போடுகிறேன்.

ஆக: கம்பி, உருள்சுற்று, தட்டைச்சுற்று, மழுக்குச்சுற்று, இழுவிசை, விறைப்பு, மெட்டுத் தேய்வு. பெரும்பான்மையோர் இதற்குச் சரி என்றதாக எடுத்துக்கொண்டு நாளை அனுப்புகிறேன்.

கருவி பழுதுபார்ப்பவர், டொராண்டோ

ஒன்று விட்டுப்போயிற்று. மெட்டே இல்லாத பேஸும் உண்டு. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் உருள்சுற்றுக் கம்பி போட்டதால், விரற்பலகை அராவப்படாமல் இருக்க அதன்மேல் எபாக்சி என்ற இறுகும் பிசின் பூசினார். அங்கே தேய்வது மெட்டல்ல, பலகை. 'மெட்டுத் தேய்வு' அதற்குப் பொருந்தாது.

தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

'நரம்பு' இல்லாத பட்டியலுக்கு என் ஒப்புதல் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். 'வரி' பற்றிய கட்டுரை அடுத்த வாரம்.

கிட்டார் ஆசிரியர், சென்னை

பலகைத் தேய்வுக்குத் தனி வரி சேர்த்துவிட்டேன். ஐயாவின் மறுப்பு முன்னுரையில் இடம்பெறும். 'மழுக்குச்சுற்று' எனக்கே இன்னும் ஒட்டவில்லை. இரவு பத்து மணிக்குள் நல்ல சொல் கிடைத்தால் மாற்றுகிறேன்.