எஸ்எஸ்டி போட்டா எஃப்பிஎஸ் ஏறுமா? இந்தப் பொய்யை நிறுத்துங்க

மதர்போர்டு_மணி:
வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது. "பழைய ஐ5 கம்ப்யூட்டர் பெட்டியில ஹார்ட்டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி மாட்டுங்க, ஜிடிஏ 5 கேம் டபுள் எஃப்பிஎஸ்ல பறக்கும்"னு. எஸ்எஸ்டிங்குறது சுத்துற தட்டு இல்லாத, ஹார்ட்டிஸ்க்கை விட வேகமான சேமிப்பு. எஃப்பிஎஸ்னா கேம் செகண்டுக்கு எத்தனை படம் (ஃப்ரேம்) காட்டுதுங்குற கணக்கு. அந்த ஃபார்வர்டை நம்பி ஆளாளுக்குக் காசைக் கொட்டுறாங்க. எஸ்எஸ்டி போட்டா ஒரு எஃப்பிஎஸ் கூட ஏறாது. ஒண்ணு கூட.

ப்ராசஸர் என்ன வரையணும்னு கணக்குப் போட்டு அனுப்புது, கிராஃபிக்ஸ் கார்டு வரையுது. அதுக்கு வேண்டிய டெக்ஸ்ச்சர் (பொருள் மேல ஒட்டுற படம்) ராம்லயும் விராம்லயும் (கார்டோட சொந்த நினைவகம்) ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கு. டிஸ்க்குக்கு அந்த நேரத்துல வேலையே கிடையாது.

பேச்சுக்கு இப்படி ஒரு பெட்டியை வச்சுக்குவோம்: ஐ5-3470 ப்ராசஸர், எச்61 சிப்செட் மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ராம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் 10. இதுல கேம் திணறுனா முதல்ல ஆஃப்டர்பர்னர், ஆர்டிஎஸ்எஸ்ங்குற கண்காணிப்பு சாஃப்ட்வேர் ரெண்டையும் போட்டு ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) யூசேஜ், ப்ராசஸருக்குள்ள இருக்குற நாலு கோரோட யூசேஜ், க்ளாக், சூடு எல்லாத்தையும் திரையில வர வைங்க. ஜிபியு 95-99 சதவீதத்துல நின்னா கார்டுதான் முட்டுக்கட்டை, அப்ப எம்எஸ்ஏஏவை (ஓரங்களை வழுவழுப்பாக்குற செட்டிங்) ஆஃப் பண்ணுங்க, கிராஸ் குவாலிட்டியை (புல்லோட தரம்) குறைங்க. ஜிபியு 60 சதவீதத்துலயே நின்னு நாலு கோரும் 100ல நின்னா ப்ராசஸர் முட்டுது. அப்ப ரெசல்யூஷனைக் குறைச்சு ஒரு புண்ணியமும் இல்ல. பாப்புலேஷன் டென்சிட்டி (ஊருல ஆள்கூட்டம்), எக்ஸ்டெண்டட் டிஸ்டன்ஸ் ஸ்கேலிங் (தூரத்துக் காட்சி) ரெண்டையும் அடிமட்டத்துக்கு இறக்கணும். இதுல எஸ்எஸ்டி எங்க வந்துச்சு?

ஃப்ரேம்டைம்_பித்தன்:
மணி அண்ணே, எல்லாத்தையும் திரையில வர வைக்கச் சொன்னீங்க, ஃப்ரேம்டைம் (ஒரு ஃப்ரேமுக்கு ஆகுற நேரம்) கிராஃபை மட்டும் விட்டுட்டீங்க. மறதியா, வசதியா?

ஜிடிஏ 5 நீங்க வண்டி ஓட்ட ஓட்ட ஊரை டிஸ்க்குல இருந்து இழுத்துக்கிட்டே இருக்கும். 8 ஜிபி ராம்ல பின்னால குரோமையும் திறந்து வச்சா ராம் நிரம்பி பேஜ்ஃபைலுக்கு (ராம் பத்தலைன்னா விண்டோஸ் டிஸ்க்குல எடுத்துக்குற இடம்) போகும். ஹார்ட்டிஸ்க் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுக்க 10 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், எஸ்எஸ்டிக்கு 0.1 போதும். 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்டுதான். அந்த இடத்துல 300 மில்லிசெகண்டு முள்ளு மாதிரி நட்டுக்குது பாருங்க, அதைத்தான் ஜனங்க "லேக்"ங்குறாங்க.

மதர்போர்டு_மணி:
அது ஸ்டட்டர், ஓட்டத்துக்கு நடுவுல விக்கி நிக்குறது. எஃப்பிஎஸ் வேற. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டாதீங்க. எஸ்எஸ்டி போட்டா ஒரு எஃப்பிஎஸ் கூட ஏறாது.

ஃப்ரேம்டைம்_பித்தன்:
அப்ப கணக்குக்கே வருவோம். ஒரு நிமிஷ ஓட்டத்துல மொத்தம் 6 செகண்டு உறைஞ்சு நின்னுச்சு, மீதி 54 செகண்டும் 60ல ஓடுச்சுன்னு வைங்க. 54 பெருக்கல் 60, அதாவது 3240 ஃப்ரேம். 60 செகண்டால வகுத்தா சராசரி 54. எஸ்எஸ்டி போட்டதும் உறைதல் நின்னா சராசரி 60. 54 எப்படி 60 ஆச்சு? ஏறுச்சா இல்லையா?

மதர்போர்டு_மணி:
ஏறல. திரும்பி வந்துச்சு. களவு போன 6 திரும்ப வந்ததை வருமானம்னு கணக்கு எழுதுவீங்களா? கார்டோட தெம்பு 60, அது 60லதான் நிக்குது. அந்த 6ஐத் தின்னது ராம் பற்றாக்குறை. ராமைச் சரி பண்ணா ஹார்ட்டிஸ்க்லயே அதுல பாதிக்கு மேல திரும்பி வரும்.

இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கை ரெண்டாவது ஸ்லாட்ல போடுங்க. எச்61ல பொதுவா இருக்குறதே ரெண்டு ஸ்லாட்டு, உச்ச அளவு 16 ஜிபி. ஒத்தை ஸ்டிக்ல டிடிஆர்3-1600 செகண்டுக்கு 12.8 ஜிபி கடத்தும், ஜோடி போட்டா 25.6. ப்ராசஸர் முட்டுற கேம்ல 1 பர்சன்ட் லோ (ரொம்ப மெதுவான 1 சதவீத ஃப்ரேமோட எஃப்பிஎஸ்) தூக்கலா மாறும். சிபியு-இசட் சாஃப்ட்வேர்ல மெமரி டேபைத் திறந்து "டூயல்"னு வருதா, டிராம் ஃப்ரீக்வென்சி 800 கிட்ட இருக்கான்னு பாருங்க. 800தான் 1600, பாதியாத்தான் காட்டும், பயந்துடாதீங்க. வாங்கும்போது உஷாரு: ஆன்லைன்ல அடிமாட்டு விலைக்கு வர்ற 8 ஜிபி டிடிஆர்3ல நிறைய ஸ்டிக்கு ஏஎம்டி போர்டுக்குன்னே செஞ்சது. இன்டெல்ல மாட்டுனா டிஸ்ப்ளேவே வராது.

சேலத்து_அசெம்பிளர்:
ரெண்டு பேரும் தப்பான இடத்துல நிக்குறீங்க. பத்து வருஷம் தாண்டுன பெட்டின்னா முதல்ல ப்ராசஸர் மேல சூட்டை வாங்குற ஹீட்சிங்க்கைக் கழட்டுங்கய்யா. எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல லோடு நேரத்து க்ளாக்கைப் பாருங்க. 3470க்கு பேஸ் 3.2 கிகாஹெர்ட்ஸ். கேம் ஓடும்போது 1.6க்கு விழுந்தா ஒண்ணு பவர் பிளான்ல கோளாறு, இல்ல சூட்டுல அதுவே இறக்கிக்குது.

ஸ்டாக் ஃபேனோட (ப்ராசஸர் கூடவே வந்தது) நாலு பின்னையும் அம்புக்குறிப் பக்கம் திருப்பித் தூக்கணும். காய்ஞ்ச தெர்மல் பேஸ்டை (சூடு கடத்துற பசை) ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு நடுவுல ஒரு பட்டாணி அளவு புதுசு வைங்க. திரும்ப மாட்டும்போது பின்னை அம்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பிட்டு, எதிரெதிர் மூலையா டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கணும். அப்புறம் போர்டுக்கு அடியில பாருங்க, பின்னோட நடு முள்ளு நாலு இடத்துலயும் முழுசா இறங்கியிருக்கணும். ஒண்ணு இறங்கலைன்னாலும் அந்த மூலை தூக்கிக்கும், கேமைத் திறந்த கொஞ்ச நேரத்துல 95 டிகிரி.

ஃப்ரேம்டைம்_பித்தன்:
பட்டாணி அளவு வச்சா மூலைக்குப் போய்ச் சேராது. மெல்லிசா முழுசுக்கும் தடவணும்.

சேலத்து_அசெம்பிளர்:
மூலையில சூடு எங்கய்யா வருது? மூடிக்கு அடியில இருக்குற சிப்பு சின்னது, நடுவுலதான் கிடக்கு. கையால தடவுனா காத்துக்குமிழ் மாட்டும். மேல இருந்து அமுக்குறப்ப பட்டாணி தானாப் பரவும்.

யாழ்_கீபோர்டு:
அண்ணைமார், பட்டாணியை விட்டிட்டு ஒரு விசயம் பாருங்கோ. எஸ்எஸ்டி எண்டு சொல்லிச் சொல்லி 120 ஜிபிதான் கனபேர் வாங்குகினம். ஜிடிஏ 5 தனியவே 100 ஜிபிக்கு மேல. விண்டோஸை எஸ்எஸ்டியிலயும் கேமைப் பழைய டிஸ்க்கிலயும் வைச்சால் ஊர் லோட் ஆகிறது பழைய வேகத்திலதான். பேஜ்ஃபைல் மட்டும் கொஞ்சம் தப்பும். 240க்குக் குறைய வாங்கவேண்டாம், 480 எண்டால் நிம்மதி.

ஃப்ரேம்டைம்_பித்தன்:
சரியாச் சொன்னீங்க. முடிஞ்சா என்விஎம்இயே (இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகை) போட்டுடலாம், பிசிஐஇ ஸ்லாட்ல (கார்டு செருகுற இடம்) மாட்டுற அடாப்டர் கிடைக்குது.

மதர்போர்டு_மணி:
வந்துட்டாரு. எச்61ல பொதுவா எம்.2 ஸ்லாட்டே (என்விஎம்இ செருகுற இடம்) கிடையாது. பெரிய ஸ்லாட்ல கிராஃபிக்ஸ் கார்டு உட்கார்ந்திருக்கு, மிச்சம் சின்ன எக்ஸ்1 ஸ்லாட்டு. அது பிசிஐஇ 2.0, செகண்டுக்கு 500 எம்பிதான். அதுவும் பயாஸை (பெட்டியைக் கிளப்புற, போர்டுலயே இருக்குற சாஃப்ட்வேர்) மாத்தி எழுதாம அந்த போர்டு என்விஎம்இல பூட் ஆகாது. ஹார்ட்டிஸ்க் மாட்டுற அதே சாட்டா கேபிள்ல ஓடுற எஸ்எஸ்டியை மாட்டுங்க. எச்61ல சாட்டாவே செகண்டுக்கு 3 ஜிகாபிட்டுதான், நிஜத்துல 270, 280 எம்பி வரும், அது போதும். மாட்டுறதுக்கு முன்னாடி பயாஸ்ல டிஸ்க் ஓடுறது பழைய ஐடிஇ மோடா, புது ஏஹெச்சிஐ மோடான்னு பாருங்க. ஐடிஇல இருக்குறதை அப்படியே மாத்துனா விண்டோஸ் ப்ளூ ஸ்க்ரீன்ல விழும். முதல்ல சேஃப் மோடுல பூட் ஆகுற மாதிரி செட் பண்ணிட்டு, ரீஸ்டார்ட்ல பயாஸுக்குள்ள போய் மாத்தணும்.

இந்தப் பித்தன் யோசனை சொல்லி ஆகாததெல்லாம் ஆகியிருக்கு. "பேஜ்ஃபைலை ஆஃப் பண்ணுங்க, கேம் வேகமாகும்"னு போன விவாதத்துல சொன்னவர்தானே? 8 ஜிபி பெட்டியில அதை ஆஃப் பண்ணா கமிட் லிமிட் (ராமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த உச்ச அளவு) முட்டி கேம் சொல்லாம கொள்ளாம மூடிக்கும். சிஸ்டம் மேனேஜ்டுல விடுங்க.

ஃப்ரேம்டைம்_பித்தன்:
அது 16 ஜிபி பெட்டிக்குச் சொன்னது, பாதியைப் படிச்சுட்டுப் பேசாதீங்க. "4 த்ரெட் (ப்ராசஸர் ஒரே நேரத்துல ஓட்டுற வேலை வரிசை) போதும், ஐ7 வீண்செலவு"ன்னு அடிச்சுச் சொன்னது யாரு? இப்ப நாலு கோரும் 100ல நிக்குதுன்னு நீங்களே எழுதுறீங்க. ஐ7-3770 போட்டா 8 த்ரெட்டு, 3.9 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் டர்போ (தானா ஏறுற உச்ச வேகம்), அதே 77 வாட்டு. 54க்கு இன்னும் பதில் வரல.

மதர்போர்டு_மணி:
3770 வேணாம்னு சொல்லல, ஐ7ங்குற பேருக்காக அதிக விலை குடுக்காதீங்கன்னுதான் சொன்னேன். இன்டெல்லோட சர்வர் ப்ராசஸர் ஜியான் இ3-1240 வி2 எடுங்க. அதுவும் 4 கோர் 8 த்ரெட்டு, 3.8 வரைக்கும் போகும். உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இருக்குறவங்களுக்கு அதனால நட்டமில்ல. போர்டு கம்பெனி தளத்துல சிபியு சப்போர்ட் பட்டியலைப் பார்த்து, பயாஸைப் பழைய ப்ராசஸர் இருக்கும்போதே அப்டேட் பண்ணிடணும். மாத்துன பிறகு பண்ணலாம்னு விட்டா டிஸ்ப்ளே வராம முழிக்கணும். 54க்குப் பதில் மேலேயே சொல்லியாச்சு: திரும்பி வந்துச்சு, ஏறல.

பாலாறு_பிக்சல்:
ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு பழசு மலிவாக் கிடைக்குது. இவ்வளவு சண்டைக்குப் பதிலா அதைப் போட்டுட்டா என்ன?

சேலத்து_அசெம்பிளர்:
போடாதீங்க தம்பி. அது 185 வாட்டு கார்டு. கேபினெட்டோட சும்மா வந்த எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை) 450 வாட்டுன்னு கொட்டை எழுத்துல இருக்கும், பக்கவாட்டு லேபிளைப் படிங்க. 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர்னு போட்டிருந்தா 168 வாட்டுதான் நிஜம். 3470க்கு 77, 1050 டிஐக்கு 75, அங்கேயே 152 ஆச்சு. மோலெக்ஸ்ல (பழைய நாலு பின் கனெக்டர்) இருந்து பவர் எடுக்குற கன்வெர்ட்டரை மாட்டி 580 ஓட்டுனா கேம் சூடு பிடிக்குற நேரத்துல பெட்டி ரீஸ்டார்ட் ஆகும், இல்ல கனெக்டர் உருகும்.

யாழ்_கீபோர்டு:
ஆர்எக்ஸ் 6400ம் வேண்டாம். அது பிசிஐஇயில 4 லேன் (தரவு போற பாதை) மட்டும் பாவிக்கிற கார்டு. பிசிஐஇ 4.0 போர்டுக்கு எண்டு செய்தது, இந்தப் பழைய போர்டில வேகம் குறையும். இன்னொண்டு, 1050 டிஐக்குப் புது கேம் டிரைவர் 2025 அக்டோபரோட நிண்டிட்டுது. விண்டோஸ் 10 ஆதரவும் அதே மாதம் 14ஆம் தேதி முடிஞ்சுது. பழைய கேம் விளையாடுற ஆக்களுக்குப் பிரச்சினை இல்லை, புதுசுக்கு ஆசைப்பட்டு இதில காசு இறைக்கவேண்டாம்.

மதர்போர்டு_மணி:
தலைப்பை விட்டு எல்லாரும் ஊர் சுத்துறீங்க. மறுபடியும் சொல்றேன், எஸ்எஸ்டி போட்டா ஒரு எஃப்பிஎஸ் கூட ஏறாது. பெட்டி வேகமாத் திறக்கும், லோடிங் ஸ்க்ரீன் குறையும், ரோடு இல்லாம வண்டி அந்தரத்துல நிக்கிறது குறையும். அதுக்காக வாங்குங்க, நானும் வாங்கத்தான் சொல்றேன். எஃப்பிஎஸ்னு சொல்லி விக்காதீங்க.

இன்னொண்ணு. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர்ல சி5 வரிசை (படிக்க முடியாம நிக்குற செக்டார்) பூஜ்யம் இல்லைன்னா அந்த ஹார்ட்டிஸ்க்கே சாகுற நிலையில இருக்கலாம். உறையுறது அதனாலயா இருக்கும். அப்ப முதல் வேலை பேக்கப். சி7 (தரவு கடத்துறப்ப வர்ற பிழை எண்ணிக்கை) மட்டும் ஏறிக்கிட்டே போனா கேபிளைச் சந்தேகப்படணும், சாட்டா கேபிளை மாத்திப் பாருங்க.

ஃப்ரேம்டைம்_பித்தன்:
"உறையுறது அதனாலயா இருக்கும்." ஆக டிஸ்க்கால கேம் உறையும்னு உங்க வாயாலயே வந்துடுச்சு. உறைஞ்சா சராசரி விழும். சராசரிக்குப் பேர் எஃப்பிஎஸ். டிஸ்க்கை மாத்துனா ஏறும். இதை ஒத்துக்க இத்தனை பதிவு.

மதர்போர்டு_மணி:
செத்த டிஸ்க்கை வச்சு வாதாடாதீங்க. நல்ல டிஸ்க், 16 ஜிபி ராம், குரோம் மூடியிருக்கு. இப்ப எஸ்எஸ்டி போட்டா எத்தனை எஃப்பிஎஸ் ஏறும்? நம்பரைச் சொல்லுங்க.

ஃப்ரேம்டைம்_பித்தன்:
நீங்க முதல் பதிவுல வச்ச பெட்டியில 8 ஜிபி, ஒரே ஸ்டிக். நடுவுல ராமை ஏத்திட்டு என்கிட்ட நம்பர் கேக்குறீங்க. அதே 8 ஜிபிக்கு நீங்க சொல்லுங்க, 54 எப்படி 60 ஆச்சு?

சேலத்து_அசெம்பிளர்:
யாராவது அந்த ஹீட்சிங்க்கைக் கழட்டிப் பார்த்தீங்களா?

மதர்போர்டு_மணி:
திரும்பி வந்துச்சு.